பலாமரத்துத் தூண்

கள்ளக்குறிச்சி,
14 ஜூலை 2025

அன்புத் தம்பி சர்புதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று 2025ஆம் ஆண்டு ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை. எனக்கு எழுபத்தைந்து வயது, நான்கு மாதம், பதினொரு நாள். ‘இந்த வயதில் எதற்கு அக்கா?’ என்று நீ எழுதி ஒரு தாளை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

என் முழங்கால் வழக்கம்போல். காது வழக்கத்தைவிட மோசம். தொலைபேசியில் நீ பேசுவதில் பாதிதான் எனக்குக் கேட்கிறது. அந்தப் பாதியையும் மறுநாள் நீ சொல்லவில்லை என்கிறாய். ஆகவே கடிதம். உன் கால் புண் ஆறிற்றா? சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் எழுது. அறிவுரை சொல்ல மாட்டேன், பயனில்லை.

எனக்கு ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா வேண்டும். நாற்பது ஆண்டு கேமராக்களைத் திறந்து மூடியவன் நீ. கண்ணாடிக் கூடு அளவுக்கு மேல் போகக் கூடாது; என் கைப்பையில் தினமும் கிடக்க வேண்டும். நேர்கோடு படத்திலும் நேர்கோடாகவே விழ வேண்டும். தேதி பதிய வேண்டும். எடுக்கும்போது சத்தம் வரக் கூடாது.

பிப்ரவரியிலிருந்து வியாழன்தோறும் கல்வராயன் மலைக்குப் போய் வருகிறேன். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். அங்கிருந்து தும்பைக்காடு ஆட்டோவில் கால் மணி. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த இசைவாணி அங்கே அங்கன்வாடிப் பணியாளர். அவள் மகளின் காதுகுத்துக்கு அழைத்தாள், போனேன், மறுபடியும் போகிறேன். தாவரவியல் படித்தவளுக்கு மலையில் பார்ப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும்.

ஜெபீனாவுக்கும் பேத்தி சப்ரினுக்கும் என் துஆ.

உன் அக்கா,
ரசூல் பீவி


சென்னை,
24 ஜூலை 2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

கால் புண் ஆறிவிட்டது. சர்க்கரை இருநூற்றுப் பத்து. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

கேமரா விஷயம். இப்போது எல்லாரும் செல்போனில்தான் எடுக்கிறார்கள். ஆனால் செல்போன் உண்மையை எடுக்காது அக்கா, அழகை எடுக்கும். முகத்துச் சுருக்கத்தை இஸ்திரி போடுகிற மாதிரி, சுவரில் கோடு இருந்தால் அதையும் தேய்த்துவிடும். அதனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

மூன்று வகை இருக்கிறது. முதலாவது, ஜூம் நீளமாக இழுக்கும் மலிவு வகை. மலையுச்சிக் குரங்கின் மூக்கு தெரியும்; ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் மிளகு அளவு. மேகம் மூடினால் படம் ரவையாகச் சிதறும். இரண்டாவது, ஜூமே இல்லாத ஒற்றை லென்ஸ். கிட்டே வேண்டுமானால் கிட்டே நடக்க வேண்டும். படம் அற்புதம், விலை அக்கிரமம். மூன்றாவது, ஓர் அங்குலச் சென்சார், குட்டி ஜூம், மேலே தூக்கினால் வெளிவரும் சிறு வியூஃபைண்டர். கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதால் கை நடுக்கம் பாதி குறையும். உங்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். புதிதாக வருவது நின்றுபோயிற்று. பழையதற்கு இளம்பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். நம் கைக்குத் தெரிந்த கடையில் நல்லதாக ஒன்று பார்க்கிறேன்.

தேதி பதியும். ஆனால் ஒன்று: கேமராவுக்குத் தேதி தெரியாது. நாம் சொல்லிக் கொடுத்த தேதியைத்தான் அது திருப்பிச் சொல்லும்.

செடி எடுக்க நேர்கோடு எதற்கு? சத்தம் வந்தால் இலை பறந்துவிடுமா? மச்சான் மவுத்தான பிறகு வாசற்படி தாண்டாதவர் மலை ஏறுகிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் காரணம் எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
சர்புதீன்


கள்ளக்குறிச்சி,
4 ஆகஸ்ட் 2025

தம்பி சர்புதீனுக்கு ஸலாம். இருநூற்றுப் பத்து என்பது எண்ணல்ல, மிரட்டல். அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்றாவது வகையே இருக்கட்டும்.

காரணம் கேட்டாய். தும்பைக்காட்டில் ஒரு மேல்நிலை நீர்த்தொட்டி நிற்கிறது. 1994இல் கட்டியது. நான்கு தூண், மேலே முப்பதாயிரம் லிட்டர். கட்டிய கன்ட்ராக்டர் யார் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அவர் கணவர், உனக்கு மச்சான். அன்று கீழே வெறும் புறம்போக்கு. பதினான்கு ஆண்டுக்குப் பின் யாரோ ஒரு புத்திசாலி, நிழல் இருக்கிறதே என்று தொட்டியின் அடியிலேயே அங்கன்வாடியைக் கட்டிவிட்டார். வடகிழக்குத் தூணுக்கும் அதன் சுவருக்கும் இடையே இரண்டடி. உள்ளே பத்தொன்பது பிள்ளைகள்.

அந்த வடகிழக்குத் தூணில், என் தோள் உயரத்தில் ஒரு வெடிப்பு. நான் அதைப் பார்த்து நிற்கையில் தொட்டியின் மோட்டாரை இயக்கும் சின்னக்கண்ணு வந்தார்.

“இன்னா டீச்சரம்மா, தூணையே பாத்துக்கினு நிக்கிறீங்க? அதுல பூவா பூத்துக்கீது?”

“வெடிச்சிருக்கு, தெரியலையா?”

“அது பூச்சு வெடிப்புங்க. போன வருசமும் இருந்துச்சி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ வெடிப்புக்குள்ள நகம் போவும். இப்போ வெரலு போவுது” என்றார்.

ஊராட்சியில் எழுதிக் கொடுத்தேன். ‘பூச்சு வெடிப்பு மட்டுமே’ என்று பதில் வந்தது. எழுதியவர் தூணைப் பார்க்கவில்லை. என் மனுவையாவது பார்த்தாரா என்பது ஐயம். ஆகவே வாரம் ஒரு படம், ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில். வெடிப்பு வளர்வதை எவரும் மறுக்க முடியாதபடி. எனக்குக் கேமரா வேண்டியது இதற்குத்தான். செடிகள் காத்திருக்கும்.

உடம்பைக் கவனி. வீட்டில் அனைவருக்கும் என் விசாரிப்பு.

அக்கா


சென்னை,
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். இங்கு எல்லாரும் நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். சப்ரினுக்கு ஓர் இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள், அந்த அலைச்சல்.

கேமராவைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். லென்ஸ் சுத்தம், பேட்டரி புதிது. தேதி நானே வைத்திருக்கிறேன். சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டேன். நீங்கள் எடுத்தது உங்களுக்கே தெரியாது, மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் மின்னும்.

ஜூமைத் திறந்தவுடன் வரும் அகலத்தில் எடுக்காதீர்கள்; ஓரக் கோடுகள் வளையும். ஐம்பது என்று காட்டும் இடத்தில் நிறுத்துங்கள், எப்போதும் அங்கேயே. தரையில் ஒரு கல்லை நட்டு, அதன்மேல் கால் வைத்து எடுங்கள். வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். வெயில் பக்கவாட்டில் விழும் காலை பத்து மணி நல்லது. நடுப்பகலில் வெடிப்பு படத்தில் தட்டையாகிவிடும்.

வெடித்த தூணை மட்டும் எடுத்தால் போதும் அக்கா. நான்கையும் எடுக்கத் தேவையில்லை. வீணாகக் குழப்பும்.

தொட்டியைப் பற்றி நான் என்ன எழுத? எனக்குக் கட்டடம் தெரியாது.

சர்புதீன்


கள்ளக்குறிச்சி,
15 செப்டம்பர் 2025

தம்பிக்கு ஸலாம். உன் நலமும் சப்ரினின் நல்ல செய்தியும் நாடுகிறேன். பையனுக்குப் படிப்பு இருக்கிறதா என்று கேள். மீசையைப் பற்றி மட்டும் எழுதாதே.

கேமரா வந்தது. இரண்டு எலுமிச்சம்பழ எடை. கைப்பையில் என் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, வீட்டில் குழாயடிக்குப் போனாலும் கூடவே வருகிறது. வியூஃபைண்டரில் கண் வைத்த முதல் நாளே நீ சொன்னது மெய்யென்று தெரிந்தது: கன்னத்தில் ஊன்றியதும் நடுக்கம் அடங்கியது. ஒரு கருவி என்னிடம் அடக்கமாக நடந்துகொள்வது அரிது, பாராட்டுகிறேன்.

அங்கன்வாடியில் சமைக்கும் பெரியம்மாள் இடுப்பில் கை வைத்து என்னை வேடிக்கை பார்த்தாள்.

“ஏம் டீச்சரம்மா, அந்தக் கல்லுத் தூணு உங்களுக்கு இன்னா சோறா போடப்போவுது? என்னியப் பிடிங்க ஒரு போட்டோ.”

“சிரிக்காம நில்லு.”

“பல்லு தெரியாமப் பிடிங்க. மேல ரெண்டு கம்மியா கீது.”

பிடித்தேன். பல் தெரிகிறது, அச்சுப் பிரதியைக் கொடுத்ததிலிருந்து என்னுடன் பேச்சில்லை.

என் பழைய நுண்ணோக்கிப் பெட்டியில் கண்ணாடி ஸ்லைடுகள் இருந்தன. சின்னக்கண்ணு பசை குழைத்துக் கொடுக்க, ஒன்றை வெடிப்பின் குறுக்கே ஒட்டினேன். கான்கிரீட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். பூச்சு வெடிப்பு என்றால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

நீ வேண்டாம் என்றாய். ஆயினும் நான்கு தூண்களையும் எடுத்தேன். வடகிழக்கில் பெரிய வெடிப்பு. வடமேற்கிலும் தென்கிழக்கிலும் அதே உயரத்தில் மெல்லிய கோடுகள் தொடங்கியிருக்கின்றன. தென்மேற்கில், பலாமரத்தை ஒட்டி நிற்கும் தூணில், ஒரு கீறல்கூட இல்லை. நான்கும் ஒரே மாதத்தில் ஒரே கையால் எழுந்தவை. மூன்று நோயில் கிடக்க, ஒன்று மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் நிற்கிறது. ஏன் என்று உனக்கு ஏதேனும் தோன்றுகிறதா?

படங்களை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

அக்கா


கள்ளக்குறிச்சி,
10 அக்டோபர் 2025

சர்புதீன், ஸலாம். நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் ஜெபீனா சொல்லியிருப்பாள். இருபத்தைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

மழை தொடங்கிவிட்டது. ஸ்லைடு உடைந்துவிட்டது.

சென்ற வியாழன் முழுதாக இருந்தது. நேற்று நடுவே இரண்டாகப் பிளந்து, இரண்டு துண்டும் தத்தம் பக்கத்துப் பசையில் ஒட்டி நின்றன. இரண்டையும் எடுத்தேன். பச்சைப் புள்ளி மின்னியது.

என் மூன்றாவது மனுவுக்கு ஒருவழியாகப் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். தமிழ்வேந்தன் என்று பெயர், முப்பது வயதிருக்கும், மரியாதை தெரிந்தவர். அதுதான் தொல்லை, முரட்டு மனிதரிடம் சண்டையாவது போடலாம். என் படங்களை வரிசையாக ஜீப்பின் முன்பக்கத்தில் பரப்பிப் பார்த்தார்.

“போட்டோ சூப்பரா இருக்குதும்மா. நானே ஒத்துக்கறேன். ஆனா எது எந்தத் தூணுன்னு எப்படிங்க நம்பறது?”

“பின்னால மரம் தெரியலையா? அங்கன்வாடிச் சுவர் தெரியலையா?”

“அது சரிதாங்க. ஒரே தூணைச் சுத்தி வந்து நாலு பக்கமும் நின்னு எடுத்தாலும் பின்னாடி எல்லாம் மாறத்தானே செய்யும்? உங்களச் சொல்லலீங்க. ஆடிட்ல என்னைக் கேப்பாங்க.”

நான் படங்களைத் திரும்ப அடுக்கி எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் தம் பையிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்திலிருந்து வந்ததாம். “தொண்ணூத்தி நாலுலயே போட்டோ வச்சிருக்காங்க பாருங்க. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி எடுத்தது. தூணுக்கு எட்டு கம்பி, தடிக் கம்பி. நாலு தூணு, நாலு போட்டோ. பின்னால எது எதுன்னுகூட முத்து முத்தா எழுதி வச்சிருக்காங்க. இந்த மாதிரி கம்பி போட்டு இப்போ எவங்க கட்டறான்? இது சாயாதும்மா. நீங்க பயப்படாம வூட்டுக்குப் போங்க.”

ஒவ்வொரு படத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். சின்னசேலத்தில் நீ வைத்திருந்த ஸ்டுடியோவின் முத்திரை நான்கிலும் இருந்தது.

ஆகவே நிலைமை இது: என் கேமராவின் படங்களை உன் கேமராவின் படங்கள் தோற்கடித்துவிட்டன. இதற்காவது பதில் எழுது.

அக்கா


சென்னை,
24 அக்டோபர் 2025

அக்காவுக்கு ஸலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை.

எழுதிவிடுகிறேன். அன்று மச்சான் என்னை மலைக்கு அழைத்துப் போனார். நான்கு குழி, பலாமரத்தடிக் குழியில் மட்டும் எட்டு கம்பி கட்டி நின்றது. மற்ற மூன்றும் காலி.

“சர்பு, மத்த மூணுலயும் தண்ணி நின்னுக்கினு கீது. நாளைக்கு எறைச்சிட்டுக் கட்டிருவேன். பில்லு இன்னிக்கே போவணும். நீ இதையே சுத்தி வந்து நாலு போட்டோ பிடிச்சிரு” என்றார்.

பிடித்தேன். ஒரு தடவை மலை பின்னால், ஒரு தடவை குடிசை, ஒரு தடவை ரோடு, ஒரு தடவை மரம். கட்டத்தானே போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிரிண்ட் போடும்போது பார்த்தேன்: மூன்றாவது கம்பியின் நுனி வளைந்திருந்தது, நான்கு படத்திலும் அதே வளைவு. உற்றுப் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வேறு வேலையாகப் போனபோது மூன்று குழியிலும் பலகைப் பெட்டி அடைத்துக் கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. உள்ளே எத்தனை கம்பி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்கவில்லை. உங்கள் செப்டம்பர் படங்களைப் பார்த்த அன்றைக்குப் பதில் தெரிந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷமாக இதை உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் மனசில் மச்சான் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்கட்டும் என்றுதான். அக்கா, அவர் மவுத்தாகி ஆறு வருஷம். ஜனவரியில் சப்ரினுக்கு நிக்காஹ். ஸ்டுடியோ முத்திரை என் பெயர். காரணம் எதுவும் சொல்லாமல் பிள்ளைகளை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அது போதுமே.

என் மீது கோபம் வேண்டாம்.

சர்புதீன்


கள்ளக்குறிச்சி,
6 நவம்பர் 2025

தம்பிக்கு ஸலாம். தூக்க மாத்திரை போடாதே, சாயங்காலம் நட.

கோபம் இல்லை. கோபத்துக்கு எனக்கு நேரம் இல்லை.

காரணம் சொல்லாமல் மாற்றச் சொல்லென்கிறாய். அதையும் செய்து பார்த்தோம். இசைவாணி என் பேச்சைக் கேட்டு நான்கு நாள் பிள்ளைகளை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தாள். ‘அரசுக் கட்டடம் இருக்க வெளியில் ஏன்?’ என்று மேலிடத்திலிருந்து அவளிடம் விளக்கம் கேட்டார்கள். மண்டபத்தில் மூன்று பக்கமும் சாரல். ஐந்தாம் நாள் திரும்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் என் மனுக்களுக்கு மதிப்பளித்துத் தூண்களின் மேல் சிமென்டு பூசி, நீலமும் வெள்ளையும் அடித்துவிட்டார்கள். உடைந்த ஸ்லைடும் பூச்சுக்குள் போயிற்று. இன்று எடுத்த படத்தில் நான்கு தூண்களும் பழுதில்லாமல் இருக்கின்றன. நேர்கோடுகள் நேராகவே விழுந்திருக்கின்றன. இவ்வளவு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி.

சின்னக்கண்ணு சொன்னார்: “இப்ப பாருங்க டீச்சரம்மா, கண்ணாலப் பொண்ணு மாதிரி நிக்குது.” பிறகு பக்கத்தில் வந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்று உரத்த குரலிலேயே, “ஆனா ஒண்ணுங்க. தொட்டி ரொம்பி மோட்டார நிறுத்துன பின்னால, தூணுமேல காத வச்சா உள்ள எதையோ கடிக்கிறாப்புல சத்தம் வருது” என்றார்.

“அப்ப ரொப்பாதீங்க. பாதியோட நிறுத்துங்க.”

“மேலத் தெருவுக்குத் தண்ணி ஏறாதுங்க. என்னிய அடிப்பாங்க.”

என் காது செவிடு. நான் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ எதையும் தூக்கி எறிகிறவன் அல்லன். அந்த நெகட்டிவ் உன்னிடம் இருக்கும். கோப்பிலுள்ள பிரதிகளில் கம்பி நுனி மங்கிவிட்டது; நெகட்டிவில் ஒரே சுருளில் அடுத்தடுத்து நான்கு படச்சட்டம், ஒரே வளைந்த கம்பி. அதை வைத்தால் தமிழ்வேந்தனின் கோப்பு ஒரு நிமிடத்தில் விழும். பதிவுத் தபாலில் அனுப்பு.

சப்ரினுக்கு என் துஆ. அவள் நிக்காஹ் நல்லபடி நடக்கும். தும்பைக்காட்டில் பத்தொன்பது பேருக்கும் நிக்காஹ், கல்யாணம் என்றெல்லாம் ஒன்று வர வேண்டும்.

அக்கா


சென்னை,
19 நவம்பர் 2025

அக்காவுக்கு.

நெகட்டிவ் இருந்தது. பரணில் பழைய தகரப் பெட்டியில். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான், அடுத்தடுத்து நான்கு.

எரித்துவிட்டேன்.

உங்களுக்காகத்தான் அக்கா. ஊரில் டீச்சரம்மா என்று கையெடுக்கிறார்கள். நாளைக்கு அதே வாயால் இன்னாருடைய பெண்டாட்டி என்பார்கள். உங்களை அப்படிப் பேச நான் விட மாட்டேன். இனி யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. மழை முடியட்டும், இத்தனை வருஷம் நின்றது நிற்கும்.

கேமராவைச் செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸலாம்.
சர்புதீன்


கள்ளக்குறிச்சி,
1 டிசம்பர் 2025

தம்பி சர்புதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் முழங்கால், காது, இரத்த அழுத்தம் அனைத்தும் இந்த வயதுக்கு உரியபடி உள்ளன. உன் சர்க்கரையைக் குறை. ஜெபீனாவுக்கும் சப்ரினுக்கும் என் அன்பைச் சொல். நலம் விசாரிப்பை இங்கேயே முடித்துக்கொள்கிறேன். கீழே வருவனவற்றுக்குப் பிறகு அதை எழுதக் கை வராது.

சனிக்கிழமை தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. கோமுகி அணை நிரம்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். தும்பைக்காட்டில் பூசிய சிமென்டு வடகிழக்குத் தூணிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு உதிர்ந்து கிடக்கிறதென்று இசைவாணி நேற்றுச் செய்தி அனுப்பினாள். உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறதாம். எத்தனை கம்பி என்று கேட்டேன். “நாலுதாங்க டீச்சர். என் சுண்டு வெரலு கனம்கூட இல்ல” என்று எழுதியிருக்கிறாள்.

மழை விடுமுறை இன்று ஒரு நாள்தான். நாளை ஒன்பதரை மணிக்குப் பத்தொன்பது பிள்ளைகளும் அந்த அறைக்குள் உட்காருவார்கள். தொட்டி நிரம்பி இருக்கும்.

இன்று திங்கள், கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். தொட்டியை இன்றே வடிக்க வேண்டும், கட்டடத்தை இன்றே பூட்ட வேண்டும் என்று கேட்கப்போகிறேன். கம்பி நான்குதான் என்றால் கோப்பில் எட்டு இருக்கிறதே என்பார்கள். மறுபடி ஆய்வு செய்ய வேண்டும், மழை விட்டதும் ஆள் அனுப்புகிறோம் என்பார்கள். அந்த நான்கு படங்கள் அங்கே இருக்கும் வரை எனக்கு எவரும் ஒரு நாளில் நான்கு வாளித் தண்ணீரைக்கூட வடித்துத் தர மாட்டார்கள். படங்கள் பொய் என்று சொல்ல, அவை பொய் என்று அறிந்த ஓர் ஆள் வேண்டும்.

நெகட்டிவை எரித்ததால் அப்படி ஓர் ஆள் இல்லாமல் செய்துவிட்டதாக நினைக்கிறாய். உன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவதைக் கேள்.

அக்டோபரில் தமிழ்வேந்தன் அந்தப் படங்களைத் திருப்பிக் காட்டினார் என்று எழுதினேன். அப்போது எழுத்து இருந்த பின்பக்கங்களை நோக்கி நான் சத்தமில்லாமல் நான்கு முறை பொத்தானை அழுத்தினேன் என்பதை எழுதவில்லை. சத்தம் வராத கேமரா கேட்டதற்கு இதுதான் காரணம்; என்றாவது ஒரு நாள் அந்தக் கோப்பு என் கண்முன் திறக்கும் என்று ஜூலையிலேயே எனக்குத் தெரியும். இத்தனை மாதம் எடுத்தவற்றுள் எவரும் மறுக்க முடியாத படங்கள் அந்த நான்கு மட்டுமே. அவற்றுடன் 1994ஆம் ஆண்டு நான் எழுதிய பாடத்திட்ட நோட்டு ஒன்றையும் எடுத்துப் போகிறேன். பக்கத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த ‘ழ’வின் வாலை நான் ஒருத்திதான் அப்படி இழுப்பேன்.

நீ வெயிலில் நின்று நான்கு முறை சுற்றி வந்த மறுநாள், உன் மச்சான் படங்களைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “உன் எழுத்து நல்லா இருக்கும், பின்னால தெசையப் போட்டுக் குடு” என்றார். தென்மேற்குத் தூண் என்று எழுதினேன். வடமேற்கு என்று எழுதினேன். மூன்றாவதைத் திருப்பும்போது கம்பியின் நுனி கண்ணில் பட்டது. இலை நுனியின் வளைவைக் கொண்டு இனம் பிரிக்கக் கற்றவள் நான். அந்த வளைவைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. முதலிரண்டையும் திருப்பி மறுபடி பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு வேண்டுமா என்று கேட்டேன்.

பிறகு தென்கிழக்குத் தூண் என்று எழுதினேன். அதன்பின் நான்காவதை எடுத்து, எல்லாம் தெரிந்தே, என் மிக நல்ல கையெழுத்தில், வடகிழக்குத் தூண் என்று எழுதினேன்.

ரசூல் பீவி